கிணற்றுக்குள் நாற்பத்தொன்று

கும்மிடிப்பூண்டி
27.1.2025

அன்புராஜ் அண்ணனுக்கு, சாராள் எழுதுவது.

ஃபோனில் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். இரண்டு முறையும் நான் சத்தம் போட்டேன், நீங்கள் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் பதிவுத் தபால். இதில் என் சத்தம் கேட்காது, முழுசாகப் படிக்கலாம்.

நம் ஆமைத் திட்டத்துக்குப் பணம் தருகிற தேர்வாய் கண்டிகைக் கம்பெனி, மார்ச் 31-ஆம் தேதியோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. நஷ்டம் என்று சொல்லவில்லை, நம் மேல் கோபம் என்றும் சொல்லவில்லை. நாம் ஜெயித்துவிட்டோமாம்! மூன்று வருஷத்தில் உங்கள் ஊரில் நாற்பது பாலாமை இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட இலக்கு. இரண்டாம் வருஷமே நாற்பத்தொன்று இருக்கிறது என்று நீங்கள் கணக்குக் கொடுத்தீர்கள். விழா வைத்து உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் நீங்கள் சிரித்த சிரிப்பை நான்தான் ஃபோட்டோ எடுத்தேன். இப்போது இலக்கு முடிந்தது, அடுத்த பணம் வேறு எங்கோ மரம் நடப் போகிறது.

அந்த நாற்பத்தொன்றும் எங்கே இருக்கின்றன அண்ணா? முப்பத்தெட்டுக் கிணறுகளில். ஏரியில் ஒன்றுகூட இல்லை. கிணற்று ஆமை முட்டையிட மண்ணுக்கு ஏற முடியாது. சுற்றிலும் கருங்கல் கட்டு. முட்டை தண்ணீரில் விழுந்து அழுகிப்போகும். அந்த ஆமை சாகிறவரை நீந்தும், அத்தோடு அதன் வம்சம் முடிந்தது. அதைப் போய்ப் பிழைத்துக்கொண்ட இனம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அந்தக் கணக்கை நான் சரிபார்த்திருக்க வேண்டும். அப்போது அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு அலைந்துகொண்டிருந்தேன், பார்க்காமல் அனுப்பிவிட்டேன். என் தப்பை நான் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. உங்களிடம் இரண்டு வேண்டும். கணக்கு தவறு என்று உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம், மார்ச் இருபதுக்குள். அப்புறம் உங்கள் கிணற்று ஆமை. நீங்கள் கொடுத்தால்தான் மற்றவர்கள் கொடுப்பார்கள். ஏரியில் விட வனத்துறையிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

பணம் நின்றால் ஏரிக்கரையில் காவல் இருக்கிற கெங்கம்மாள் வேலையை விட்டுப் போய்விடுவாள். மறு வாரமே கரையில் மண் அள்ள வண்டி வரும். பிறகு ஆமை கிடைத்தாலும் விட இடம் இருக்காது.

சாராள்


திருவாலங்காடு வழி
2.2.2025

சாராள் அவர்களுக்கு,

இனிமேல் பதிவுத் தபால் அனுப்ப வேண்டாம். தபால்காரர் கையெழுத்துக் கேட்டதும் கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்து என் மனைவி திலகவதி அழவே ஆரம்பித்துவிட்டாள். சாதாரணத் தபாலே வந்து சேரும்.

எண்ணச் சொன்னீர்கள், எண்ணினேன். ஒவ்வொரு கிணற்றிலும் பொரி போட்டுவிட்டு, ஆமை மேலே வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கிணற்றில் மூன்று மணி நேரம். நீங்கள் கொடுத்த படிவத்தில் "ஊர் எல்லைக்குள் கண்ட ஆமைகள்" என்றுதான் இருந்தது. கிணறு ஊர் எல்லைக்கு வெளியிலா இருக்கிறது? சம்பளம் வாங்காமல் வேலை செய்தவனிடம் தவறு என்று எழுதிக் கேட்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

புதுக் கிணறு வெட்டித் தண்ணீர் ஊறியதும் பால் ஊற்றி, ஒரு ஆமையை விடுவது எங்கள் பக்கம் வழக்கம். செத்த தவளை, புழு பூச்சி எல்லாவற்றையும் தின்று தண்ணீரை அதுதான் சுத்தமாக வைத்திருக்கிறது. நாங்கள் யாரும் ஆமையைக் கொல்லவில்லை. காப்பாற்றித்தான் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. எங்கள் கிணற்று ஆமையைப் பற்றி உங்கள் குடும்பம் பேசாமல் இருப்பது நல்லது. 2003-இல் நடந்ததை நான் மறக்கவில்லை. நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்படிக்கு,
அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
8.2.2025

அன்புராஜ் அண்ணனுக்கு,

பேச்சை எடுத்தது நீங்கள். சரி, பேசுவோம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மழை பொய்த்த வருஷம். உங்கள் கிணற்றில் தூர் வார என் அப்பா அந்தோணி மூன்று நாள் இறங்கினார். நான்காம் நாள் உங்கள் அப்பா எட்டிப் பார்த்தார், ஆமையைக் காணோம். மதகடியில் புளியமரத்தின் கீழ் ஊர் கூடியது. "நேத்து சாயங்காலம் சாக்கத் தூக்கினு போனான், நான் பாத்தேன்" என்று சொன்னது நீங்கள். ஊருக்கு அது போதுமாக இருந்தது. அப்பா ஊர்க் காலில் விழுந்தார், ஐந்நூறு ரூபாய் அபராதம் கட்டினார். அடுத்த மாதம் நாங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்து சேர்ந்தோம். நான் பன்னிரண்டு வருஷம் கம்பெனி லைனில் நின்று டப்பாவுக்கு மூடி போட்டேன்.

அந்தச் சாக்கில் இருந்தது நத்தை. தூர்ச் சேற்றில் பொறுக்கியது. அன்று எங்கள் ஐந்து பேருக்கும் அதுதான் சாப்பாடு. வீட்டில் அரிசி இல்லை, அதனால் நத்தை பொறுக்கினேன் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "நான் எடுக்கல" என்று மட்டும்தான் சொன்னார்.

நாங்கள் ஆமையே தின்றதில்லை என்று உங்களிடம் கதைவிட மாட்டேன். ஏரி ஆமையைப் பிடித்துத் தின்றிருக்கிறோம். ஏரியில் ஆமை இல்லாமல் போனதில் எங்கள் வீட்டுச் சட்டிக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் உங்கள் கிணற்று ஆமையை அப்பா தொடவில்லை.

இதை நம்புங்கள் என்று நான் கெஞ்சவில்லை. இருபத்திரண்டு வருஷம் நம்பாமல் இருந்தவர் இந்த மாசம் நம்பி என்ன ஆகப்போகிறது! எனக்கு வேண்டியது கையெழுத்தும் ஆமையும். மார்ச் இருபது.

சாராள்


திருவாலங்காடு வழி
20.2.2025

சாராள் அவர்களுக்கு,

நான் சாக்கைப் பார்த்தது உண்மை. அதற்குள் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை, அதுவும் உண்மை. இதற்கு மேல் அந்த விஷயத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தைத் திலகவதி படித்துவிட்டாள். இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒன்று கேட்கிறேன். கிணற்றுக்குள் முட்டை அழுகிப்போகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, யாராவது கண்ணால் பார்த்தீர்களா? இல்லை, படித்தவர்கள் சொன்னதா? எங்கள் ஆமை ஒண்டியாகத்தான் இருக்கிறது. ஜோடியே இல்லாததற்கு முட்டை எங்கிருந்து வரும்? பார்க்காததை நான் எப்படிக் கையெழுத்துப் போட்டுச் சொல்ல முடியும்?

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
26.2.2025

அன்புராஜ் அண்ணனுக்கு,

நல்ல கேள்வி. பார்க்கவில்லை. எங்களை எந்தக் கிணற்றில் இறங்கவிட்டீர்கள், பார்ப்பதற்கு? கிணறு உங்களுடையது, மோட்டார் உங்களுடையது. இறைத்துவிட்டு நீங்களே இறங்கிப் பாருங்கள். உங்கள் கிணற்றில் ஒன்றும் இல்லையென்றால் வேறு கிணறு தேடுவேன். எதைப் பார்த்தாலும், எதைப் பார்க்காவிட்டாலும் அப்படியே எழுதுங்கள். எனக்குச் சாதகமாக எழுத வேண்டாம்.

நேற்றுத் தேர்வாய் கண்டிகைக்குப் போய் ஜெபாவைப் பார்த்தேன். கம்பெனியில் இந்த மாதிரிப் பணத்தையெல்லாம் பார்த்துக்கொள்கிற பெண், நல்லவள். அவள் மேலதிகாரி ஒரு வழி சொன்னாராம். முப்பத்தெட்டுக் கிணற்றுக்கும் கம்பெனி பெயர் போட்ட பலகை, பக்கத்தில் விவசாயியும் ஆமையும் நிற்கிற படம். "கிணற்று ஆமைப் பாதுகாப்பு" என்று பெயர் வைத்தால் ஐந்து வருஷத்துக்குப் பணம் வருமாம். என் சம்பளமும் ஏறும். "வாங்கிக்க அக்கா, பேஜாரு இல்லாத வேலை" என்றாள் ஜெபா.

மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு இன்னொரு கண் ஆபரேஷன் பாக்கி இருக்கிறது. ஆனாலும் மாட்டேன். அந்த நாற்பத்தொன்றும் கிழடாகி ஒவ்வொன்றாகச் சாகும், பலகை மட்டும் புதுசாக நிற்கும். அதற்கு நான் வாங்குகிற சம்பளம் எனக்குச் செரிக்காது.

சாராள்


திருவாலங்காடு வழி
11.3.2025

சாராளுக்கு,

ஐந்து நாளாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை நெல்லுக்குப் பாய்ச்சுகிற சாக்கில் இரண்டு மோட்டார் வைத்துக் கிணற்றை அடிவரை இறைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை, நானே இறங்கினேன். ஆமை சேற்றின் மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும் தலையையும் காலையும் உள்ளே இழுத்து அடியில் இருக்கிற மடலைச் சாத்திக்கொண்டது. தூக்கிக் கூடையில் வைத்தேன். கிழக்குப் பக்கம் அடிக்கட்டில் இரண்டு கல் சரிந்து, பின்னால் முழங்கை நீளத்துக்குப் பொந்து. அதற்குள் சேறு. கையை விட்டேன், ஏதோ நகர்ந்தது. வெளியே இழுத்தால் இன்னொரு ஆமை.

அதன் ஓட்டின் பின் விளிம்பில் அரை வட்டமாக ஒரு வெட்டு. அந்த வெட்டை எனக்குத் தெரியும். ஏழு வயதில் நான் கை தவறிப் போட்ட இரும்பு வாளி பட்டது. அதற்காக அப்பா என்னைப் புளிய விளாரால் அடித்தார். 2003-இல் காணாமல் போனது அந்த ஆமைதான். அது எங்கும் போகவில்லை. தண்ணீர் வற்றியதும் பொந்துக்குள் சேற்றில் புதைந்திருக்கிறது. அப்பா ஏரியிலிருந்து வேறொன்றைப் பிடித்து வந்து விட்டார். மழை பெய்த பிறகு இரண்டும் மாறி மாறி மேலே வந்திருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்த்தோம். ஒன்றுதான் இருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

சேற்றில் வெள்ளையாகச் சில்லுகள் கிடந்தன. முதலில் சுண்ணாம்பு என்று நினைத்தேன். பெரிய கோலிக்குண்டு அளவில் முட்டைகள். சில உடைந்த ஓடு, சில முழுசு. ஒன்றை அழுத்தினேன், உள்ளே வெறும் கறுப்புத் தண்ணீர். ஏழு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திலகவதி மேலிருந்து, "இன்னா ஆச்சு? உள்ளயே குந்திக்கினியே, மேல வா" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஓடுகளைத் துண்டில் பொறுக்கிக்கொண்டு ஏறினேன்.

உங்கள் அப்பா எடுக்கவில்லை. நான் சொன்னது பொய்யாகிவிட்டது. என்னை மன்னியுங்கள். கணக்கு தவறு என்ற கடிதம் இதோடு இருக்கிறது. எண்ணிக்கையிலும் தவறு, நாற்பத்திரண்டு என்று இருந்திருக்க வேண்டும்.

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
14.3.2025

அன்புராஜ் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். வாளி வெட்டு என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "மீதியப் படி" என்றார். படித்தேன். கேட்டுவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். நான்தான் சமையலறையில் போய் அழுதேன். கோபத்தில் அழுதேன், உங்கள் மேல்தான் கோபம்.

மன்னிப்பை எனக்கு எழுதி அனுப்பினால் என்ன பிரயோஜனம்? அதைப் படித்தது நானும் அப்பாவும். அன்றைக்குக் கேட்டது ஊர். மதகடியில், அதே மரத்தடியில், ஊரைக் கூட்டி வைத்துச் சொல்லுங்கள். சாக்கைப் பற்றிச் சொல்லுங்கள், பொந்தைப் பற்றிச் சொல்லுங்கள். அதே மூச்சில் கணக்கைப் பற்றியும் சொல்லி ஆமைகளைக் கேளுங்கள். இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல உங்களால் முடியாது. முதல் பாதியை விழுங்கிவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.

வனத்துறை அனுமதி வந்துவிட்டது. தாமாக ஒப்படைக்கிறவர்களிடம், ஆமை வைத்திருந்ததற்காக விசாரணை எதுவும் இருக்காது என்று அதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார். அதையும் படித்துக் காட்டுங்கள், பயம் போகும்.

முட்டை ஓடுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சாராள்


திருவாலங்காடு வழி
19.3.2025

சாராளுக்கு,

நேற்றுச் சாயங்காலம் சொல்லிவிட்டேன்.

கம்பெனி போர்த்திய பொன்னாடை பீரோவில் இருந்தது. முட்டை ஓடுகளை அதில் கொட்டி முடிந்து எடுத்துப் போனேன். அதை எடுத்ததைப் பார்த்துத் திலகவதியும் கிளம்பிவிட்டாள். கூடவே வந்து மரத்தடியில் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் உங்கள் அப்பாவைப் பற்றித்தான் சொன்னேன். எதையும் விழுங்கவில்லை. சாக்கில் நத்தை இருந்ததென்று சொன்னபோது வயதானவர்கள் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். அபராதம் ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று ஊர்ப் பெரியவர் அப்பாவு சொன்னார். அதைச் சாராளிடம் நேரில் போய்ச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பொன்னாடையை விரித்தேன். ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். "ஆமை போய்ட்டா தண்ணி கெட்டுப்பூடுமே, யாரு குடிக்கறது?" என்று ஒருவர். "குடிக்கறதுதான் கேன் தண்ணியாச்சே நைனா, அப்புறம் இன்னா?" என்றாள் கெங்கம்மாள். கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் வேலை நடந்தது.

முப்பத்தெட்டில் இருபத்தாறு கிணற்றுக்காரர்கள் தர ஒப்புக்கொண்டார்கள். கையெழுத்துப் பட்டியலும் கொஞ்சம் முட்டை ஓடும் இணைத்திருக்கிறேன். பன்னிரண்டு பேர் முடியாது என்றுவிட்டார்கள். ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, "உங்க அப்பா இருந்தா உன்னச் செருப்பால அடிச்சிருப்பாரு" என்றார். இருக்கலாம்.

முதல் பெயர் என்னுடையது. இரண்டு ஆமை.

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
29.3.2025

அன்புராஜ் அண்ணனுக்கு,

நேற்றுக் கம்பெனிக் கமிட்டி முன்னால் நின்றேன். ஏசி அறை, நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். உங்கள் கடிதத்தையும் பட்டியலையும் வைத்துவிட்டு, ஏரியில் இருக்கும் ஆமைகளின் எண்ணிக்கை பூஜ்யம், அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றேன்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போன வருஷ ரிப்போர்ட்ல நாப்பத்தொண்ணு. இந்த வருஷம் ஜீரோவா? எப்படிம்மா பிரின்ட் பண்றது?" என்று கேட்டார்.

"அப்டியே பிரின்ட் பண்ணுங்க சார். தப்பா எண்ணிட்டோம்னு பக்கத்துலயே போடுங்க. எண்ணுனவரு ஊரக் கூட்டிச் சொல்லிட்டாரு, நீங்க ஒரு வரி போட மாட்டீங்களா?" என்றேன். ஜெபா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பிறகு அவளே நீங்கள் அனுப்பிய முட்டை ஓட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். அதை ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்த்தார்கள்.

ஒரு வருஷத்தில் எத்தனை குஞ்சு காட்டுவீர்கள் என்று கேட்டார்கள். ஒரு வருஷத்துக்கு ஒன்றும் சத்தியம் செய்ய மாட்டேன், ஆமைக்கு உங்கள் மார்ச் மாசம் தெரியாது என்று சொன்னேன். நான் கேட்டது மூன்று வருஷம், கொடுத்தது இரண்டு. கெங்கம்மாள் சம்பளம், கரையில் வேலி, விட்ட ஆமைகளைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள வலைக்குட்டை எல்லாம் அதில் அடக்கம். மூன்றாம் வருஷத்தை அப்போது போய் வாங்கிக்கொள்வேன். எனக்கு இப்போது அந்த அறைக்கு வழி தெரியும்.

ஏப்ரல் இருபதாம் தேதி ஆமைகளை விட ஆரம்பிக்கிறோம். வனத்துறை டாக்டர் வருகிறார். அப்பாவும் வருகிறேன் என்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஊர்ப் பெயரை அவர் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. ஏன் வருகிறார், என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

சாராள்


திருவாலங்காடு வழி
21.4.2025

சாராளுக்கு,

நேற்று நீங்கள் டாக்டரோடு ஒவ்வொரு ஆமையாக எடை போட்டுக்கொண்டிருந்தீர்கள். கரையில் நடந்தது உங்களுக்குக் கேட்டிருக்காது. ரயிலில் போகும்போது உங்கள் அப்பா சொல்லியிருக்கவும் மாட்டார். அதனால் எழுதுகிறேன்.

வெட்டு விழுந்த ஆமையை அவர் கையில் கொடுத்தேன். அதை அவர்தான் விட வேண்டும் என்று நினைத்திருந்தேன். என்ன பேசுவது என்று பத்து நாள் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்று மட்டும் வந்தது.

அவர் அந்த வெட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் என்னைச் சின்னவரே என்றுதான் கூப்பிடுவார்.

"நான் எடுக்கலன்னு அன்னிக்கே சொன்னேனே, தம்பி. நான் சொன்னது பத்தலியா? இது வந்து சொல்லணுமா இன்னா?"

அவர் கேட்டதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து ஆமையைத் தண்ணீரோரம் வைத்தார். அது ரொம்ப நேரம் மடலைத் திறக்காமல் கிடந்தது, பிறகு மெல்ல இறங்கிப் போய்விட்டது. அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, நாம் நட்டிருந்த வேலியைப் பார்த்தார். "இங்க போட்டா இன்னாத்துக்கு ஆவும்? ஐப்பசில தண்ணி இதுவரைக்கும் ஏறும், முட்டை முழுவிப்பூடும். பத்தடி மேல தள்ளி நடு. அங்கதான் அதுங்க ஏறும்" என்றார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

இன்று காலையில் நானும் கெங்கம்மாளும் ஏழு கம்பங்களைப் பிடுங்கிப் பத்தடி மேலே நட்டோம். இன்னும் இருபத்துமூன்று இருக்கின்றன, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவோம். டேப் வைத்து அளந்து பார்க்கச் சொல்கிறாள் திலகவதி. வேண்டாம் என்றேன். அடுத்த முறை வரும்போது உங்கள் அப்பாவையும் கூட்டி வாருங்கள். வேலி சரியாக இருக்கிறது என்று அவர் சொன்னால் போதும்.

அன்புராஜ்